திரைக்குப் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை

ஏழினை இரண்டால் வகுத்தால் மூன்று என்று கணிப்பொறி விடை கூறியபோது, துடியலூர் மாசாணி பம்ப் தொழிற்கூடத்தின் அலுவலக அறையில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்கு வெகுநேரமாயிற்று.

"ஏனுங்க மேடம், மிச்சம் அரைய உங்க கணக்குப்பிள்ளை ஜோப்புல போட்டுக்கிட்டாருங்களா?" என்று கேட்டான் கிருபாசங்கர். அவன் அத்தொழிற்கூடத்தின் சோதனைப் பொறியாளன். பம்புகளை ஓடவிட்டு, அவை இறைக்கும் நீரையும் உண்ணும் மின்சாரத்தையும் அளப்பது அவன் வேலை. சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

தாஜுன்னிசா சிரிக்கவில்லை. கணிதத்தில் பட்டமும் கணிப்பொறியில் பட்டயமும் பெற்று, கோட்டைமேட்டிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகும் அவள், அறிக்கைகளைத் தட்டச்சிட்டுத் தருபவள். கணக்குப்பிள்ளை என்ற பெயரைச் சற்றுமுன் அவளே சூட்டியிருந்தாள். அது இவ்வளவு விரைவில் தன்னையே திருப்பியடிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

செய்தி இதுதான். அவளுடைய தம்பி சுஃப்யான், சரவணம்பட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பயில்பவன், கணிப்பொறி இதழ் ஒன்றுடன் இலவசமாக வந்த லினக்ஸ் குறுந்தகட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அதில் எழுதுவதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. அதன் முகம் வறண்டது, பட்டியலில்லை, படமில்லை. ஆனால் அதற்கு ஓர் அரிய குணம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும் ஒரு வரியைப் பிடித்து, வியப்புக்குறியை இருமுறை தட்டி, வேறொரு நிரலின் பெயரைக் கொடுத்தால், அந்த வரி அந்நிரலிடம் சென்று, விடையாக மாறி, அதே இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும்.

"உள்ள ஒரு கணக்குப்பிள்ளை உக்காந்திருக்காருன்னு வெச்சுக்கங்க" என்று அவள் விளக்கியிருந்தாள். "நாம இங்க எழுதற வரிய அவருகிட்ட நீட்டுனா, போட்டுத் திருப்பிக் குடுத்துருவாரு. நடுவுல யாரு கையும் படாதுங்க."

அப்படிப் பெருமையாகச் சொல்லி அனுப்பிய முதல் வரிக்குத்தான் இந்த விடை வந்தது.

"என்ன கூத்து அங்க?" என்று கேட்டுக்கொண்டே தனபால் உள்ளே நுழைந்தார். கையில் வார்ப்பு மணலின் கருமை இருந்தது. தொழிற்கூடத்தின் உரிமையாளராயினும் காலையில் வார்ப்புக்கூடத்தில் நின்றுவிட்டுத்தான் நாற்காலிக்கு வருவார்.

"ஏழுல பாதி மூணாமுங்க மொதலாளி."

தனபாலும் சிரித்தார். ஆயினும் தாஜுன்னிசாவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "உடு அம்மணி, பழைய மாதிரியே கால்குலேட்டர்ல போட்டு டைப் அடிச்சுப்போடலாம். கை தவறறதெல்லாம் மனுசனுக்குச் சகஜந்தானே" என்றார்.

அந்த ஆறுதல்தான் அவளை ஓராண்டாகக் குத்திக்கொண்டிருந்தது.

தனபால் பல்லாண்டுகளாகப் பிறருடைய பெயர் பொறித்த பம்புகளையே வார்த்தும் கடைந்தும் பொருத்தியும் கொடுத்துவந்தவர். தம் தாயார் மாசாணியம்மாளின் பெயரால் சொந்தமாக ஒரு பம்ப் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. செய்தும் முடித்தார். எனினும் அரசின் கிணற்றுத் திட்டங்களில் அப்பம்பு ஏறவேண்டுமாயின் தரமுத்திரை வேண்டும். அதற்கு அதன் திறன் நூற்றுக்கு நாற்பத்தைந்துக்குக் குறையலாகாது. சென்ற ஆண்டு சோதனையில் நாற்பத்தேழுக்கு மேலேயே வந்தது. ஆனால் தாளில் 47.1 என்று எழுதியிருந்ததை, தாஜுன்னிசாவின் விரல்கள் 41.7 என்று அடித்துவிட்டன. அறிக்கை சென்னைக்குச் சென்று, 'திறன் போதாது' என்று பதிவாகித் திரும்பியபோதுதான் பிழை தெரிந்தது. பதிவானது பதிவானதுதான், மறு விண்ணப்பத்திற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இம்முறையும் தவறினால் மாசாணி என்ற எழுத்துகளை மர அச்சிலிருந்து இழைத்துத் தள்ளிவிட்டுப் பழையபடி பிறர் பெயருக்கே வார்க்கப்போவதாகத் தனபால் கூறிவிட்டார். அவர் வாய்ப்பேச்சுக்குச் சொல்பவரல்லர்.

யாரும் தாஜுன்னிசாவைக் கடிந்துகொள்ளவில்லை. அவளோ அந்நாள் முதல் ஒன்றையே எண்ணிக்கொண்டிருந்தாள். எண் மீட்டரிலிருந்து தாளுக்கு வருகிறது. தாளிலிருந்து கால்குலேட்டருக்குப் போகிறது. மீண்டும் தாளுக்கு வந்து, பிறகு திரைக்கு ஏறுகிறது. இத்தனை முறை வண்டி மாறினால் எந்தப் பயணிதான் வழிதவற மாட்டான்? கணக்கு எழுத்துக்குள்ளேயே நடந்து, விடை தானாகவே அறிக்கையில் உட்கார வேண்டும். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த நாளில் அவளுக்கு உறக்கமே கொள்ளவில்லை.

"ஒரு நிமிசமுங்க மொதலாளி" என்றாள். நிரலோடு வந்திருந்த விளக்கக் குறிப்பைத் திரையில் விரித்து, உதடு அசைய வாசித்தாள். பாதிப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"ஏனுங்க சார், இவரு அரைய ஜோப்புல போட்டுக்கலீங்க. புள்ளிக்கு அப்பால எத்தன எலக்கம் வேணும்னு நாம சொல்லவே இல்ல. சொல்லலீன்னா ஒண்ணுமே வேண்டாம்னு எடுத்துக்குவாராம்!"

புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்று வரியின் தொடக்கத்தில் சேர்த்தாள். இம்முறை வரியை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலை மட்டும் அனுப்பினாள். கேள்வியும் நிற்க வேண்டும், விடையும் வர வேண்டும் அல்லவா? தட்டினாள்.

3.50.

கிருபாசங்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்துவிட்டான். அதன்பின் அவனை எழுப்புவது பெரும்பாடாயிற்று. நொய்யலாற்றின் நீளத்தை அடியாக்கச் சொன்னான். தொழிற்கூடத்துத் தொட்டி நிரம்ப எத்தனை குடம் ஆகும் என்று கேட்டான். ஒவ்வொரு வரியும் சென்று விடையாகத் திரும்பும்போதெல்லாம், "வந்துட்டாரு, வந்துட்டாரு!" என்று தொடையில் தட்டிக்கொண்டான். இறுதியில் என்ன தோன்றிற்றோ, அலமாரியிலிருந்து சென்ற ஆண்டுச் சோதனைத் தாளை எடுத்துவந்து, அந்தக் குறிப்பிட்ட வரியின் அளவுகளை மெதுவாக வாசித்தான். தாஜுன்னிசா தட்டச்சிட்டு அனுப்பினாள்.

47.14.

தனபால் திரையை நோக்கிக் குனிந்து, அந்த எண்ணை விரலால் தொடப்போய், கைக் கருமை நினைவுக்கு வரவே பின்வாங்கினார்.

"ஆப்பீசரு வர்றப்ப இதையே போட்டுக் காட்டோணும் அம்மணி" என்றார். "அவரு கண்ணு முன்னாலயே."

*

சோதனை நாள் ஆனி மாதத்தின் நடுவில் வந்தது. மேற்கிலிருந்து காற்று அடித்து வீசிற்று. தகரக் கூரை விடாமல் சடசடத்தது.

அதிகாரியின் கண்ணெதிரே கணக்கிட வேண்டுமாயின், கணிப்பொறி அலுவலக அறையில் இருந்து பயனில்லை. சோதனைக் கூடத்திற்கே வந்தாக வேண்டும். காலையிலேயே அதனைத் தூக்கிவந்து, பம்ப் பொருத்தியிருந்த மேடைக்கு அருகில் ஒரு மேசையில் வைத்தார்கள். மின்னிணைப்புக்கு இடம் தேடியபோது, சுவரிலிருந்த சோதனைப் பலகையில் ஒரு பிளக் காலியாக இருப்பதைத் தாஜுன்னிசா கண்டாள். கைவிளக்கு மாட்டுவதற்காக எப்போதோ வைத்தது.

"அதுல மட்டும் வேண்டாமுங்க!" என்று பதறினான் கிருபாசங்கர். "அதுல எது மாட்டுனாலும் வாட்மீட்டரு பம்போட கணக்குல சேத்திப்போடும். அப்புறம் உங்க கம்ப்யூட்டரு திங்கற கரண்டுக்கும் நம்ம பம்பு பதில் சொல்லோணும்."

ஆகவே தூணுக்கு அப்பால், முத்தாத்தாள் காப்பி வைக்கும் மூலையிலிருந்த பிளக்கிலிருந்து நீண்டதொரு ஒயரை இழுத்துவந்தார்கள். முத்தாத்தாள் அந்நேரம் பால் வாங்கச் சென்றிருந்தாள்.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி அரங்கசாமி ஒடிசலானவர், பேச்சும் ஒடிசல்தான். வந்ததும் மீட்டர்களின் முத்திரைகளைச் சரிபார்த்தார். பம்பின் மீதிருந்த மாசாணி என்ற புடைப்பெழுத்துகளைப் பார்த்தார். பிறகு கணிப்பொறியைப் பார்த்தார்.

"கால்குலேட்டர் எங்கே?"

"இதுக்குள்ளயே இருக்குதுங்க சார், ஒரு இதழோட வந்த தகட்டுல இருந்து ஏத்துனது" என்றாள் தாஜுன்னிசா.

"நான் என்னோடதிலயும் போட்டுப் பார்ப்பேன்."

"தாராளமாப் பாருங்க சார்."

அப்போது முத்தாத்தாள் தட்டோடு வந்து நின்றாள். நெடுநாளாக அத்தொழிற்கூடத்தில் இருப்பவள். வந்த விருந்தாளி கை நனைக்காமல் நின்றால் அவளுக்கு அது தன் வீட்டுக்கு நேர்ந்த குறை.

"ஏனுங் சார், ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு ஆரம்பிக்கறதுங்."

"வேலை முடியட்டும்மா."

"ஆறிப்போயிருமுங்க."

"பரவாயில்லைம்மா, முடியட்டும்."

பம்ப் ஓடத் தொடங்கிற்று. கூடம் முழுவதும் அதன் முழக்கம் நிறைந்தது. வால்வை முதலில் பெரும்பகுதி மூடியும், பிறகு சிறிது சிறிதாகத் திறந்தும், ஒவ்வொரு நிலையிலும் மூன்று அளவுகளைக் கிருபாசங்கர் உரக்கக் கூவினான்: நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரத்திற்கு, எத்தனை வாட் மின்சாரம் உண்கிறது. தாஜுன்னிசா மூன்றையும் ஒரே வரியில் தட்டச்சிட்டு, நகலெடுத்து, உள்ளே அனுப்பினாள். கண் இமைப்பதற்குள் அடுத்த வரியில் திறன் வந்து அமர்ந்தது.

36.47.

அதிகாரி தம் சட்டைப்பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். தலையை அசைத்தார். வால்வு இன்னும் சற்றுத் திறந்தது.

43.93.

அதிகாரியின் விரல் நின்றது. "எனக்கு 43.94 வருதேம்மா."

தனபால் திரைப்பக்கம் எட்டிப் பார்த்தார். தாஜுன்னிசாவுக்கு விடை தெரிந்த கேள்விதான் அது. "உங்களுது கடைசி எலக்கத்தக் கூட்டிச் சொல்லுதுங்க சார். இது கூட்டாது, மிச்சத்த வெட்டிப்போடும். 43.935-க்குக் கொஞ்சம் மேல. ரெண்டுமே சரிதானுங்க."

அதிகாரி மூன்றாவது இலக்கம் வரை போட்டுப் பார்த்தார். முதன்முறையாக அவர் உதட்டோரம் நெளிந்தது. "வழக்கமா கணக்கு உங்க பக்கம் சாயும், இது உங்களுக்கு எதிரா வெட்டுது. இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணையில்லை."

"கணக்குப்பிள்ளை ரொம்ப நேர்மையானவருங்க சார்" என்று மீட்டர் அருகிலிருந்து கூவினான் கிருபாசங்கர்.

முத்தாத்தாள் மறுபடியும் தட்டோடு எட்டிப் பார்த்தாள். "சார், இப்பவாச்சும்?"

"முடியட்டும்மா!"

"ஆறியே போச்சுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் தூணுக்கு அப்பால் மறைந்தாள்.

அடுத்த நிலையில் 46.93 வந்தது. தனபால் இரு கைகளையும் தேய்த்துக்கொண்டார். இனி வரப்போவதுதான் உயிர்நிலை. பம்பின் பெயர்ப்பலகையில் பொறித்திருக்கும் அளவு அதுவே. அந்த நிலையில் திறன் நாற்பத்தைந்தைத் தாண்ட வேண்டும். தரமுத்திரை அந்த ஒரு வரியைப் பொறுத்தது. இதுவரை ஏறி வந்திருக்கும் போக்கைப் பார்த்தால் நாற்பத்தேழைத் தொட்டுவிடும்.

கிருபாசங்கர் வால்வைத் திருகினான். நீரின் ஒலி தடித்தது.

"லிட்டரு பத்து! மீட்டரு இருவத்திரெண்டு! வாட்டு அஞ்சாயிரத்தி ஐநூத்தி அறுவது!"

தாஜுன்னிசா தட்டினாள்.

38.81.

அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். எண் மாறவில்லை. 'மறுபடியும் என் விரலா?' என்று வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பத்து, இருபத்திரண்டு, ஐயாயிரத்து ஐந்நூற்று அறுபது. தவறே இல்லை. அதிகாரியின் கால்குலேட்டரும், கடைசி இலக்கம் தவிர, அதையே காட்டிற்று.

"சரி, எழுதிக்கறேன்" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்து.

"சார், இன்னொரு தடவ பாத்துக்கலாமுங்களா?" தனபாலின் குரல் பம்பின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"விதி இடம் கொடுக்காது தனபால். அளவு கோணலா வந்ததுக்குக் காரணம் காட்டினா மறுபடி அளக்கலாம். மனசுக்குப் பிடிக்கலைங்கிறது காரணமாகாது. இது முத்திரை வெச்ச மீட்டர்; பொய் சொல்லாது."

தனபால் பம்பின் மேலிருந்த தாயின் பெயரை நோக்கி நின்றார்.

"சார்!" தாஜுன்னிசா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "மை வெக்கறதுக்கு முந்தி எனக்கு ஒரே ஒரு வரி குடுங்க சார். காரணத்தத் தேடித்தான் பாக்கறேன்."

அதிகாரி பேனாவை மூடவில்லை. தாளில் வைக்கவும் இல்லை. "ஒரு வரிதானே? போடும்மா."

அவளுடைய எண்ணம் இப்போது வேகமாக ஓடிற்று. லிட்டரும் மீட்டரும் எதிர்பார்த்த இடத்தில்தான் நிற்கின்றன. ஆகையால் பம்ப் தன் வேலையைக் குறைக்கவில்லை. உண்ட மின்சாரம் மட்டுமே கூடியிருக்கிறது. எவ்வளவு கூடியிருக்கிறது? கணக்கை அப்படியே பின்புறமாகத் திருப்பினால் தெரிந்துவிடாதா? திறன் நாற்பத்தேழு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எத்தனை வாட் உண்டிருக்க வேண்டும்? மீட்டர் காட்டியதிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? மேலே இருந்த வரியையே நகலெடுத்து, இரண்டு இடங்களில் மட்டும் மாற்றி, உள்ளே அனுப்பினாள்.

968.09.

"கிருபா சார்!" அவள் குரல் பம்பின் முழக்கத்தையும் மீறி ஒலித்தது. "ஏறக்குறைய ஆயிரம் வாட்டு! யாரோ ஆயிரம் வாட்டு தின்னுட்டு இருக்காங்க!"

கிருபாசங்கர் ஒரே பாய்ச்சலில் மோட்டாரின் மேல் கை வைத்தான். "மோட்டாரு ஆயிரம் வாட்டு கூடத் தின்னா இந்நேரம் கை வெக்க முடியாதுங்க. சத்தம் மாறோணும். எப்பவும் போலத்தான் இருக்குது! பம்பு திங்கலீங்க சார்!"

"மீட்டர் பொய் சொல்லுதா?" அதிகாரியும் இப்போது திரையை நோக்கிக் குனிந்திருந்தார்.

"மீட்டரு நெசத்தத்தான் சொல்லுதுங்க சார். ஆனா பம்ப மட்டும் சொல்லல. இது சரியா ஆயிரத்துக்குப் பக்கத்துல நிக்குது பாருங்க. பழுதுன்னா இப்படி ரவுண்டு எண்ணுக்குப் பக்கத்துல வந்து நிக்குமுங்களா? இது ஏதோ ஒரு சாமானுங்க. கடையில வாங்குன சாமான்!"

அவள் அச்சொல்லை முடிக்கவில்லை. வாட்மீட்டரின் முள், யாரும் தொடாமலேயே, படக்கென்று கீழே இறங்கிற்று.

"எறங்கிருச்சு!" கிருபாசங்கர் துள்ளினான். "நாலாயிரத்தி ஐநூத்தி அறுவது! சார், தானா எறங்கிருச்சு! வால்வத் தொடலீங்க, யாரும் எதையும் தொடலீங்க!"

"அப்படின்னா யார் தொட்டாங்க?" என்று அதிகாரி திரும்பினார்.

தூணின் மறைவிலிருந்து, ஆவி பறக்கும் கெட்டிலை ஒரு கையிலும் தம்ளர்த் தட்டை மறு கையிலும் ஏந்தி, முத்தாத்தாள் வந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங் சார், நல்லாக் கொதிக்கக் கொதிக்கச் சுட வெச்சுக் கொண்டாந்துபோட்டேன். இனி மறுக்கப்படாதுங்."

நால்வர் கண்களும் கெட்டிலின் மேல் நின்றன.

"அக்கா" என்றாள் தாஜுன்னிசா, மிக மெதுவாக. "இத எங்க மாட்டுனீங்க?"

"எங்க மாட்டறது? பால வாங்கிட்டு வந்து பாத்தா எம்பட பிளக்குல உங்க ஒயரு தொங்குது. இத்தன நேரம் அடுப்புலதான் போட்டேன். இந்த மேகாத்துல அடுப்பு நின்னு எரியுதா கண்ணு? செவுத்துப் பலகையில ஒண்ணு சும்மாதான கெடந்துச்சு, அதுல சொருகிக்கிட்டேன்."

கிருபாசங்கர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று பின்புறமிருந்து சொல்ல முடியவில்லை.

அதிகாரி அரங்கசாமி கெட்டிலை வாங்கினார். காப்பியைத் தம்ளர்களில் ஊற்றச் செய்துவிட்டு, வெற்றுக் கெட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார். அடித்தகட்டில் சிறிய எழுத்தில் பொறித்திருந்தது: 1000 வாட்.

"தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு" என்று திரையைப் பார்த்தார். பிறகு கெட்டிலைப் பார்த்தார். பிறகு தாஜுன்னிசாவைப் பார்த்தார். "பரவாயில்லையேம்மா! கெட்டிலைப் பார்க்காமலே கெட்டிலோட அளவைச் சொல்லிட்டே."

"முப்பத்திரண்டு வாட்டு கொறையுதுங்க சார்" என்று அவள் சங்கடப்பட்டாள். "திறன நான் குத்துமதிப்பா நாப்பத்தேழுன்னு வெச்சுக்கிட்டேன், அதனாலதானுங்க."

ஆனால் அவர் முறை தவறாதவர். கெட்டிலில் நீர் ஊற்றி, அதே பிளக்கில் மீண்டும் மாட்டச் சொன்னார். முள் விர்ரென்று ஏறிற்று. கழற்றச் சொன்னார், இறங்கிற்று. மீண்டும் மாட்டு, மீண்டும் கழற்று. மூன்றாம் முறை முள் ஏறியபோது, ஒடிசலான அந்த மனிதரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"காரணம் காட்டியாச்சு. கெட்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் வையுங்க. மறுபடி அளக்கலாம்."

செய்தி முழுவதும் அப்போதுதான் முத்தாத்தாளுக்கு விளங்கிற்று. அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அய்யோ சாமி, நானா கெடுத்துப்போட்டேன்? மொதலாளி, நான் காப்பிதானுங்க…"

"நீ ஒண்ணும் கெடுக்கல முத்தாத்தா" என்றார் தனபால். "உன்ற பிளக்கப் புடுங்குனது நாங்கதான். சும்மா நில்லு. இதப் பாரு."

கிருபாசங்கர் கூவினான்: "லிட்டரு பத்து! மீட்டரு இருவத்திரெண்டு! வாட்டு நாலாயிரத்தி ஐநூத்தி அறுவது!"

தாஜுன்னிசாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் ஒரு நொடி தயங்கின. பிறகு தட்டின. வரி நகலாயிற்று, உள்ளே சென்றது. தனபால் நெருங்கி வந்து, இம்முறை கைக் கருமையை மறந்து, மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

47.32.

கிருபாசங்கர் எழுப்பிய கூச்சல் வார்ப்புக்கூடம் வரை கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு மூன்று பேர் ஓடிவந்து எட்டிப் பார்த்தனர். அதிகாரி தம் கால்குலேட்டரைத் தட்டினார். "எனக்கு 47.33. உங்க ஆளு மறுபடியும் வெட்டிட்டார்" என்று கூறி, பேனாவைத் தாளில் வைத்தார்.

"அந்த 968 வரியை அழிச்சுடாதேம்மா" என்றார் எழுதிக்கொண்டே. "அறிக்கையில அப்படியே இருக்கட்டும். முதல் அளவு ஏன் தள்ளுபடியாச்சுன்னு மேலே கேட்பாங்க. அதுக்குக் கீழே காரணம்னு போட்டு…" பேனா நின்றது. காப்பி என்று அரசாங்க அறிக்கையில் எழுதலாமா என்று அவர் யோசித்தது வெளிப்படையாகத் தெரிந்தது. "'புறச்சுமை, ஆயிரம் வாட், மின்கெட்டில்' அப்படின்னு அடிச்சுடு."

இன்னும் இரண்டு நிலைகள் அளக்க வேண்டியிருந்தன. அதிகாரி தம்ளரை எடுத்து ஒரு வாய் பருகினார். அவர் புருவம் சற்றே சுருங்கிற்று. முத்தாத்தாளின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"ஆறிப்போச்சுங்களா? குடுங் சார், ஒரே நிமிசத்துல சுட வெச்சுப்போட்டு வாரேன்."

"வேண்டாம்!" என்று நால்வரும் ஒருமித்து அலறினர்.

எஞ்சிய அளவுகளும் ஒழுங்காக வந்து அமர்ந்தன. பம்ப் நின்றதும் கூடத்தில் விழுந்த அமைதியில் அச்சுப்பொறி கிறீச்சிடத் தொடங்கிற்று. தாள் வரிவரியாக ஏறியது. தாஜுன்னிசா பழக்கம் காரணமாக, ஒப்பிடுவதற்குச் சோதனைத் தாளைத் தேடிக் கையை நீட்டினாள். பிறகுதான் ஒப்பிடுவதற்கு அத்தகைய தாளே இம்முறை இல்லை என்பது உறைத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். எண்கள் எவருடைய துணையுமின்றித் தாமாகவே வெளிவந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவளுக்கு வேலை ஒன்றுமில்லை; அதைவிட மகிழ்ச்சியான வேலையும் அவளுக்கு அன்று வேறு இருந்திராது.

அரங்கசாமி கடைசித் தாளில் கையொப்பமிட்டு, இரயிலுக்கு நேரமாயிற்று என்று பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை சென்றவர் திரும்பி வந்தார்.

"அந்த இதழோட பேர் என்னம்மா? தகடு வந்ததுன்னு சொன்னியே."

அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் அதனை நான்காக மடித்து, கால்குலேட்டர் இருந்த அதே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றார்.

தனபால் அவரை வழியனுப்பிவிட்டு நேரே தூணுக்கு அப்பால் சென்று, காப்பி மூலையின் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசாணியைப் பற்றி ஏதேனும் கூறுவார் என்று மற்றவர்கள் எதிர்பார்த்து நின்றனர்.

"கிருபா" என்று குரல் கொடுத்தார். "நாளைக்கே ஒயர்மேன வரச் சொல்லு. இங்க முத்தாத்தாளுக்குத் தனியா ரெண்டு பிளக்கு வெக்கோணும்."